எங்கள் வீட்டில் இருபத்திரண்டு கணிப்பொறிகள்

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மகன் தன் விருப்பத்தைத் தாயிடம் சொல்ல, தாய் அதைத் தந்தையிடம் கொண்டுவந்து சேர்க்கிறாள் என்றால், அவ்வீட்டில் எங்கோ கம்பி அறுந்து கிடக்கிறது என்று பொருள். எங்கள் வீட்டில் அறுந்து கிடந்தது மெய்யாகவே ஒரு கம்பிதான். அதை அறுத்தவன் நான்.

2008-ஆம் ஆண்டு அது. பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் மூன்று பாடங்களில் தவறினான். இரவெல்லாம் கணிப்பொறியில் துப்பாக்கி விளையாட்டு. பகலில் வகுப்பில் உறக்கம். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். அறைக்கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல், பணிக்குக் கொண்டுசெல்லும் பையிலிருந்து குறட்டை எடுத்தேன். சுவர் ஓரமாக அவன் அறைக்குச் சென்ற நீல நிறக் கம்பியை நடுவில் வெட்டினேன். மறுநாள் அவனும் ஒன்றும் பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை. "சாப்பிட்டாயா?" "ஆம்." "கட்டணம் எப்போது?" "அடுத்த வாரம்." இப்படியே இரண்டு ஆண்டுகள் சென்றன. தவறிய பாடங்களில் அவன் தேர்ச்சி பெற்றுவிட்டான் என்பதைக்கூட என் துணைவி வழியாகவே அறிந்தேன்.

2010 ஏப்ரல் மாதம் ஒரு மாலை, காப்பியுடன் அவள் வந்து அமர்ந்தாள். அமர்ந்த விதத்திலேயே தூது என்று தெரிந்தது.

"பரீட்சை முடிந்ததும் அவனுடைய கூட்டாளிகள் ஆளுக்கொரு திசையாகப் போகிறார்களாம். அதற்கு முன்பு எல்லாரும் ஓரிடத்தில் கூடி விளையாட வேண்டுமாம். நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறான்."

"எத்தனை பேர்?"

"அவனையும் சேர்த்து இருபத்திரண்டு."

"விளையாடட்டுமே. மொட்டை மாடி சும்மாதானே கிடக்கிறது?"

"மாடியில் இல்லை. ஆளுக்கொரு கணிப்பொறி கொண்டுவருவார்களாம். இரண்டு இரவு தங்குவார்களாம்."

நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

இத்தகைய கூட்டத்திற்கு மேனாட்டில் லேன் பார்ட்டி என்று பெயர். ஒரே கட்டடத்துக்குள் உள்ள கணிப்பொறிகளைக் கம்பியால் பின்னிவிட்டால், இணையத் தொடர்பே இல்லாமல் அவை தமக்குள் பேசிக்கொள்ளும். சுவீடன் நாட்டில் மாலுங் என்னும் சிற்றூரில் 1990-களின் தொடக்கத்தில் பள்ளி மாணவர் சிலர் இவ்வாறு கூடத் தொடங்கினர். அதுவே பின்னர் ட்ரீம்ஹாக் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் கூடும் பெருவிழாவாக வளர்ந்தது. பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கூடத்திற்கு அது வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

சம்மதிப்பதா, மறுப்பதா? துப்பாக்கி விளையாட்டின்மீது எனக்கு அன்றும் பிடித்தமில்லை; இன்றும் இல்லை. வீட்டில் எண்பத்து நான்கு வயதான என் தாயார் வேறு இருந்தார்கள். ஆயினும், இரண்டு ஆண்டுகளில் அவன் என்னிடம் கேட்ட முதல் பொருள் இது. அதையும் நேரில் கேட்கவில்லை. "சரி" என்று நான் சொன்னதும், சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த ஒரு நிழல் விலகிச் சென்றது.

மறுநாள் அவன் தாளும் பேனாவுமாக வந்தான். தன் நண்பர் இருவரையும் துணைக்கு அழைத்து வந்திருந்தான். தனியே வர அஞ்சினான் போலும். கணிப்பொறிகளை இணைக்க எந்தக் கருவியை வாங்குவது என்பதே அவர்களுடைய வழக்கு. ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து வந்த பையன், கம்பியே வேண்டாம், வயர்லெஸ் போதும் என்றான். என் மகன் மறுத்தான். அக்காலத்து வயர்லெஸ் பெட்டியில் 54 மெகாபிட் என்று எழுதியிருக்கும். கைக்கு வந்து சேர்வது அதில் பாதிதான். அந்தப் பாதியையும் அறையிலுள்ள அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலும். போதாக்குறைக்கு, வரவிருந்த பொறிகளில் பாதிக்குமேல் மேசைப் பொறிகள். அவற்றில் வயர்லெஸ் வசதியே கிடையாது.

தூத்துக்குடிப் பையன் சிக்கனக்காரன். பழைய ஹப் ஒன்று அவன் மாமா கடையில் சும்மா கிடக்கிறதாம். அது போதாதா என்றான்.

"ஹப் என்றால் என்ன?" என்று நான் கேட்டேன். பொறியியல் மாணவர் மூவரும் மாறி மாறி விளக்கினர். அவர்கள் விளக்க விளக்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனெனில் அவர்கள் சொன்னது என் சொந்தத் தொழில்.

நான் 1974 முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் தொலைபேசித் துறையில் நிலத்தடிக் கேபிள்களை இணைக்கும் பணியில் இருந்தவன். பழங்காலத்தில் ஒரே கம்பியில் பல வீடுகளுக்குத் தொலைபேசி கொடுப்பதுண்டு. ஒரு வீட்டார் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் எவர் பேச்சும் எவருக்கும் விளங்காது. ஹப் என்பது அதுவே. ஒரு பொறி பேசுவதை மற்ற எல்லாத் துளைகளுக்கும் அது திருப்பிக் கூவும். 1973-ல் அமெரிக்காவில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் ஈதர்நெட் முறையை எண்ணியபோது, அது ஒரே கம்பியில் பலர் பேசும் ஏற்பாடாகவே இருந்தது. இருவர் மோதிக்கொண்டால் இருவரும் வாய்மூடி, ஆளுக்கொரு சிறு நேரம் காத்திருந்து, மீண்டும் முயல வேண்டும். நான்கு பேர் உள்ள அறையில் அந்த மரியாதை செல்லும். இருபத்திரண்டு இளைஞர்கள் உள்ள அறையில் செல்லுமா?

ஸ்விட்ச் என்பது எங்கள் எக்ஸ்சேஞ்ச். யார் யாரிடம் பேச விரும்புகிறார் என்று பார்த்து, அவ்விருவரை மட்டும் இணைத்துவிடும். அதே கணத்தில் வேறு பத்து ஜோடிகளும் தனித்தனியே பேசிக்கொள்ளலாம். ஈதர்நெட்டுக்கான இத்தகைய ஸ்விட்சை 1990-ல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது 'கல்பனா' என்னும் அமெரிக்க நிறுவனம். அதை நிறுவியவர்களுள் ஒருவரான வினோத் பரத்வாஜ் நம் நாட்டவர். தம் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினார். முதல் பெட்டியில் ஏழு துளைகளே இருந்தன. (இதைக் கேட்ட என் துணைவி, "முப்பது வருஷமாகிறது, ஒரு தகர டப்பாவுக்குக்கூட என் பெயரை வைத்ததில்லை" என்றாள்.)

"அப்படியானால் ஹப் வேண்டாம்" என்றேன். மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஸ்விட்ச் என்று முடிவான பின்னும் வழக்குத் தீரவில்லை. நண்பர்கள் வீட்டில் எட்டுத் துளைச் சிறு பெட்டிகள் மூன்று இருந்தன. அவற்றைக் கோத்துவிட்டால் செலவில்லை என்றான் தூத்துக்குடிக்காரன். மூவெட்டு இருபத்து நான்கு, சரிதானே? சரியில்லை. மூன்றையும் வரிசையாகக் கோக்கவே நான்கு துளைகள் போய்விடும், மிஞ்சுவது இருபது. அது மட்டுமன்று. ஒரு பெட்டியில் உள்ள ஏழு பேரும் அடுத்த பெட்டியில் உள்ளவர்களோடு பேச நடுவில் இருப்பது ஒரே கம்பி. நடுப்பெட்டியின் மின்செருகியை எவன் காலாவது தட்டினால் வீடு மூன்று துண்டாகும். எல்லாக் கம்பிகளும் ஒரே இடத்துக்கு வர வேண்டும் என்று நான் உறுதியாகச் சொன்னேன். பழுது வந்தால் தேடும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும். இது தெருத்தெருவாகக் குழி தோண்டியவன் கற்ற பாடம்.

இனி, இருபத்து நான்கு துளைப் பெட்டியில் எது? 100 மெகாபிட் பெட்டி ஏறத்தாழ 4,000 ரூபாய். எல்லாத் துளைகளும் 1,000 மெகாபிட் வேகம் உடைய பெட்டி 12,000 ரூபாய். என் மகன் இரண்டாவதையே விரும்பினான். ஆளுக்கு 300 ரூபாய் வீதம் அவர்கள் திரட்டியிருந்தது 6,600 ரூபாய். மீதியைத் தாயின் சீட்டுப் பணத்திலிருந்து பெற்றுக்கொள்ளலாம் என்பது அவனுடைய உள்ளக் கணக்கு.

இந்த இடத்தில்தான் நாங்கள் மீண்டும் மோதிக்கொண்டிருப்போம். நான் குரலை உயர்த்தவில்லை, கேள்வி கேட்டேன். "ஒருவன் விளையாடும்போது எவ்வளவு செய்தி கம்பியில் ஓடும்?" அவன் கணக்கிட்டான். கவுண்டர் ஸ்ட்ரைக் என்னும் அவ்விளையாட்டில் ஓடுவதெல்லாம் யார் எங்கே நிற்கிறான், எப்பக்கம் திரும்பினான், சுட்டானா என்னும் சிறு சிறு குறிப்புகளே. படங்கள் எல்லாம் அவரவர் பொறியிலேயே இருக்கின்றன. ஆளுக்கு வினாடிக்குச் சில நூறு கிலோபிட்டைத் தாண்டாது. இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்து 5 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மெகாபிட் சாலையில் அது ஒரு மிதிவண்டி ஊர்வலம். விளையாட்டுக்கு வேண்டியது அகலமான சாலையன்று, தடையில்லாத சாலை. குறிப்பு உடனே போய்ச் சேர வேண்டும், அவ்வளவே.

"ஆனால் அப்பா" என்றான் அவன். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அச்சொல்! "முதல் நாள் எல்லாரும் சர்வரிலிருந்து கோப்புகளை நகல் எடுப்பார்கள். ஒரு டிவிடி அளவு 4.7 ஜிகாபைட். 100 மெகாபிட்டில் ஒருவனுக்கு ஆறு நிமிடத்துக்குமேல் ஆகும். எல்லாரும் எடுக்க இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். அந்த நேரத்தில் எவனாவது விளையாடினால் தடுக்கித் தடுக்கி ஓடும்."

அவன் சொன்னதும் நியாயமே. நெருக்கடி எங்கே என்று பார்த்தால், எல்லாத் துளைகளிலும் இல்லை. சர்வர் என்னும் பொதுப்பொறி நிற்கும் ஒரே துளையில். இதைக் கண்டதும் விடை தானே வந்தது. இருபத்து நான்கு துளைகள் 100 மெகாபிட்டாகவும், கூடுதலாக இரண்டு துளைகள் மட்டும் 1,000 மெகாபிட்டாகவும் உள்ள நடுத்தரப் பெட்டி ஒன்று உண்டு. அகலமான துளையில் சர்வரை வைத்தால், பலர் ஒரே நேரத்தில் அவரவர் முழு வேகத்தில் நகல் எடுக்கலாம். விலை 6,200 ரூபாய். திரட்டிய பணத்துக்குள் அடங்கியது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, ஒருவன் மடியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலில் வந்து சேர்ந்தான்.

கம்பிக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவை நானே ஏற்றேன். பெட்டிக்குச் செலவிடும் ஆசையில் கம்பியில் மிச்சம் பிடிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. 305 மீட்டர் உள்ள கேட்-5ஈ கேபிள் பெட்டி ஒன்று வாங்கினோம். முனைச்செருகிகள் அறுபது, கிரிம்பிங் குறடு ஒன்று, கம்பிகளைச் சோதிக்கும் சிறு கருவி ஒன்று. கூடத்தை அடிக்கோலால் அளந்து, கதவருகில் கால் தடுக்காத வழி பார்த்து, ஒவ்வொருவர் இடத்துக்கும் நீளம் குறித்தோம்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, மே மாதத்து வெயிலில் நான் கடைத்தெருவுக்குச் சென்று திரும்பினேன். மகனும் நண்பர்களும் கூடத்தில் அமர்ந்து ஆறு கம்பிகளுக்கு முனை போட்டு முடித்திருந்தனர். ஐந்து வேலை செய்தன. பின்னறைக்குச் செல்லும் இருபது மீட்டர்க் கம்பி மட்டும் வேலை செய்தும் செய்யாமலும் இருந்தது. சோதனைக் கருவியோ எட்டு விளக்குகளையும் வரிசையாகக் காட்டி, குறையில்லை என்றது. முனையைப் புதிதாகப் போட்டனர், பயனில்லை. பெட்டியைக் குறை சொன்னார்கள். கடைக்காரரைக் குறை சொன்னார்கள்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. இவை எனக்கு முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கமுள்ள நிறங்கள். எங்கள் நிலத்தடிக் கேபிள்களிலும் இதே நிறங்கள், இதே முறுக்கல். பிள்ளைகள் ஜோடி ஜோடியாக நேர் வரிசையில் வைத்திருந்தனர்: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி. இரு முனையிலும் ஒரே வரிசை. ஆகவே சோதனைக் கருவி ஏமாந்துபோயிற்று.

"ஜோடி பிரிந்திருக்கிறது" என்றேன்.

அவர்களுக்கு விளங்கவில்லை. தரையில் அமர்ந்து விளக்கினேன். கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்குவது அழகுக்கன்று. முறுக்கிய இரு கம்பிகளில் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். எதிரெதிராகச் செல்லும் செய்தியில் அது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தொலைபேசியைக் கண்ட கிரஹாம் பெல்லே 1881-ல் இந்த முறுக்கலுக்கு உரிமம் பெற்றவர். ஆனால் போவதற்கும் வருவதற்கும் ஒரே முறுக்கலில் உள்ள இரண்டு கம்பிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். கணிப்பொறிச் செருகியிலோ முதல், இரண்டாம் கால்கள் ஒரு ஜோடி. மூன்றும் ஆறும் மறு ஜோடி. நடுவிலுள்ள நான்கும் ஐந்தும் வேறு ஜோடி. பிள்ளைகள் மூன்றிலும் நான்கிலும் பச்சையை வைத்ததால், ஒரு ஜோடி வேலையை வெவ்வேறு முறுக்கலைச் சேர்ந்த இரு கம்பிகள் செய்துகொண்டிருந்தன. தொலைபேசியில் இது நேர்ந்தால் பக்கத்து வீட்டுப் பேச்சு நம் காதில் விழும். குட்டைக் கம்பியில் எப்படியோ சமாளித்துவிடும். நெடுங்கம்பியில் செய்தி சிதையும்.

சரியான வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீல ஜோடிக்கு இருபுறமும் காவல் நிற்கும். முறுக்கலை அரை அங்குலத்துக்குமேல் பிரிக்கவும் கூடாது.

ஆறு கம்பிகளையும் வெட்டி, முதலிலிருந்து தொடங்கினோம். நண்பர்கள் மாலையில் போய்விட்டனர். நானும் மகனும் இரவு பதினொரு மணிவரை கூடத்தில் எதிரெதிரே அமர்ந்து முனை போட்டோம். நான் நிறம் பிரித்துக் கொடுப்பேன்; அவன் செருகி நெரிப்பான். வேலை நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அது பெரிய வசதி. பத்தாவது கம்பியோ பதினோராவதோ, குனிந்தபடியே அவன் சொன்னான்:

"அன்றைக்கு நீங்கள் வெட்டிய கம்பியைப் பிற்பாடு எடுத்துப் பார்த்தேன், அப்பா. அளந்து வெட்டியதுபோல் அவ்வளவு நேராக இருந்தது."

நான் என்ன சொல்ல? "கை பழகியது" என்றேன். சற்று நேரம் கழித்து, "வெட்டியிருக்க வேண்டாம்" என்றும் சொன்னேன். அவன் அடுத்த செருகியை எடுத்தான். வீட்டில் எல்லாரும் உறங்கிவிட்டார்கள் என்று எண்ணியிருந்தேன். உள்ளே வளையல் ஒலி கேட்டது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை அரைகுறையாகும். விளையாட்டு விருந்து பெரும்பாலும் கெடுவது பிணையத்தால் அன்று, மின்சாரத்தால். அந்நாளில் பலரிடமும் இருந்தவை கனத்த கண்ணாடிக்குழாய் மானிட்டர்கள். பொறிக்கு 220 வாட் என்று வைத்தால் சர்வருடன் சேர்த்து 5 கிலோவாட். 230 வோல்ட்டில் 22 ஆம்பியர். கூடத்துச் செருகிகள் எல்லாம் ஒரே 5 ஆம்பியர் இணைப்பில் இருந்தால் என்ன ஆகும்? நல்லவேளை, கிணற்று மோட்டாருக்காக எங்கள் வீட்டில் மூன்று பேஸ் இணைப்பு இருந்தது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, பேஸுக்கு ஏழெட்டுப் பொறிகளாகப் பிரித்துத் தனி வயர் இழுத்தோம். வெவ்வேறு பேஸில் உள்ள பொறிகளைக் கைக்கெட்டும் அருகில் வைக்காமல் அறைவாரியாகப் பிரித்தோம். எர்த் சரியாக உள்ளதா என்று ஒவ்வொரு செருகியிலும் பார்த்தோம். எர்த் இல்லாவிட்டால் கணிப்பொறியின் தகர உறையைத் தொட்டாலே சுள்ளென்று இருக்கும், அதைப் பலர் இயல்பு என்று எண்ணுகின்றனர், இயல்பன்று.

அக்காலத்தில் தமிழக மாவட்டங்களில் மின்வெட்டு நாள்தோறும் உண்டு. ஆகவே ஜெனரேட்டர் ஒன்று வாடகைக்கு வந்தது. ஸ்விட்சையும் சர்வரையும் மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் சேர்த்தோம். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை பொறிகள் அணைந்தாலும், ஆட்டம் அணையாது காத்திருக்கும். இன்னொன்றை மறந்துவிட்டோம். 5 கிலோவாட் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகவே மாறும். ஐந்து வெந்நீர்ச் சுருள்களைக் கூடத்தில் எரியவிட்டதற்குச் சமம். மே மாதத்துப் பாளையங்கோட்டையில்! பந்தல் கடையிலிருந்து நாற்காலி மேசைகளோடு பெரிய மின்விசிறிகளும் நான்கு எடுத்து வந்தோம்.

வெள்ளி மாலை பிள்ளைகள் வந்திறங்கினர். ஆட்டோவில், ஸ்கூட்டரின் முன்னால், ஒருவன் மாவு மூட்டையைப்போல் மானிட்டரைத் தோளில் சுமந்து. ஒவ்வொரு மேசையிலும் பொறிக்குரிய எண்ணை மகன் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தான். ஆகவே எண் தகராறு இல்லை. எட்டு மணிக்கு இருபத்திரண்டு விளக்குகளும் ஸ்விட்சில் பச்சையாக எரிந்தன. எத்தனையோ புதிய எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டதை நான் பார்த்தவன். அன்று என் மனம் நிறைந்ததுபோல் என்றும் நிறைந்ததில்லை.

துப்பாக்கி ஓசை என் தாயாருக்குக் கேட்காதபடி, காதில் மாட்டும் கருவி கட்டாயம் என்று முன்பே சொல்லிவிட்டேன். ஆயினும் கூச்சல் இருந்தது. அந்த ஆட்டத்தில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற மற்றோர் ஆட்டத்தைச் சற்று நின்று பார்த்தேன். கோட்டை கட்டுகிறார்கள், வயல் உழுகிறார்கள், யானைப்படை வருகிறது. அதில் துறவி ஒருவர் கைத்தடியை உயர்த்தி ஏதோ முணுமுணுக்க, எதிரிப் படைவீரன் நிறம் மாறி இப்பக்கம் வந்து சேர்ந்துவிடுகிறான். மனமாற்றம் இத்துணை எளிதா என்று வியந்தேன். அதிலும் அத்துறவி ஒருவனை மாற்றிய பின்பு சற்று இளைப்பாறித்தான் அடுத்தவனிடம் போகிறார். அது உண்மைக்கு நெருக்கமானது.

ஞாயிறு காலை, திருப்பலி முடிந்து வீடு திரும்பினோம். கூடத்தில் ஒரே கலக்கம். எல்லாத் திரைகளும் உறைந்து நின்றன. ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் மீண்டும் அதே கதி. பெட்டி எரிந்துவிட்டது, 12,000 ரூபாய்ப் பெட்டி வாங்கியிருக்க வேண்டும் என்று ஒருவன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. மகனின் முகம் வெளிறியிருந்தது.

பெட்டியின் விளக்குகளைப் பார்த்தேன். வழக்கமாக அவை ஒன்றுக்கொன்று தொடர்பின்றிக் கண்சிமிட்டும். அன்று எல்லாம் ஒருசேரப் படபடவென்று துடித்தன. எங்கள் தொழிலில் நீண்ட கம்பியில் பழுதைத் தேடும் வழி ஒன்றுண்டு: பாதியில் பிரி, எந்தப் பாதியில் பழுதோ, அதை மீண்டும் பாதியாக்கு. "மேல் வரிசையைக் கழற்று" என்றேன். துடிப்பு நின்றது. பாதியை மாட்டினோம்; நிற்கவில்லை; எடுத்தோம். நான்காம் முறையில் அகப்பட்டது. ஒரு கம்பியின் இரு முனைகளும் அதே பெட்டியில் செருகப்பட்டிருந்தன!

யார் செய்தது? என் தங்கையின் பேத்தி, ஏழு வயது. விடியற்காலையில் ஒரு பையன் தன் பொறியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டிருந்தான். அவனுடைய கம்பி தரையில் கிடந்தது. "எல்லாக் கம்பியும் பெட்டிக்குத்தானே போகிறது, தாத்தா! இது மட்டும் கீழே கிடந்தது" என்றாள். அவளை எப்படிக் கடிந்துகொள்வது?

எல்லாருக்கும் பொதுவாகக் கூவப்படும் ஓர் அறிவிப்பு அந்த வளையத்துக்குள் நுழைந்தால் வெளியே வர வழியில்லை. சுற்றிச் சுற்றிப் பெருகி, நொடியில் மற்ற எல்லாப் பேச்சையும் மூழ்கடித்துவிடும். விலை உயர்ந்த ஸ்விட்சுகள் வளையத்தைத் தாமே கண்டு அடைத்துவிடும். அம்முறையை 1985-ல் வகுத்தவர் ரேடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. கிளைகள் உண்டு, வளையம் இல்லை என்பதால் அதற்கு மரத்தின் பெயரையே வைத்தார். ஜாய்ஸ் கில்மரின் 'மரங்கள்' கவிதையின் சாயலில் அதைப் பற்றி ஒரு பாட்டும் எழுதினார். எங்கள் நடுத்தரப் பெட்டிக்கு அந்த அறிவு கிடையாது. அதற்காக இருமடங்கு கொடுத்திருக்க வேண்டுமா? இல்லை என்றே இன்றும் எண்ணுகிறேன். காலித் துளைகளில் காகிதத்தை ஒட்டிவிட்டு, ஆள் போனால் அவன் கம்பியை இரு முனையும் கழற்று என்று எழுதி மாட்டினோம். அதற்குச் செலவில்லை.

ஞாயிறு இரவு எல்லாரும் புறப்பட்டனர். சிலர் சென்னைக்கு, இருவர் பெங்களூருக்கு, தூத்துக்குடிக்காரன் அடுத்த மாதமே வளைகுடா நாட்டுக்கு. அதற்குப்பின் அந்த இருபத்திரண்டு பேரும் ஓரிடத்தில் கூடவில்லை என்று மகன் சொல்கிறான். அவனும் ஆகஸ்டில் பணியில் சேர்ந்து வெளியூர் சென்றான். இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். ஸ்விட்சை அருகிலிருந்த பள்ளியின் கணிப்பொறி அறைக்குக் கொடுத்தோம். மீந்த கேபிள் மச்சில் கிடந்தது.

2020-ல் ஊரடங்கு வந்தது. இளைய மகள் வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்ய வேண்டியிருந்தது. பின்னறைக்கு வயர்லெஸ் எட்டவில்லை. நான் மச்சிலிருந்து பெட்டியை இறக்கினேன். எழுபத்தொரு வயதுக் கண். நிறம் பிரிக்க மேசை விளக்கு வேண்டியிருந்தது. துணைவி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் மூத்தவன் தொலைபேசியில் அழைத்தான். அண்ணனிடம் மகள் செய்தியைச் சொன்னாள். ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது:

"அப்பா, பச்சை ஜோடியைப் பிரித்து வைத்தீர்களா? மூன்றிலும் ஆறிலும் இருக்க வேண்டும்."

"போடா" என்றேன். "யாருக்கு யார் சொல்லிக் கொடுக்கிறது!"